பல்லுக்கு மேலே மூன்று கோடு

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். அதில் எட்டாவது வருஷம் டீசல் பம்பைக் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தது வேறு எவனுடையதோ. கேட்டதற்கு, "உங்களுதுதான் அண்ணே. கழுவினதுல பெயின்ட் போயிடுச்சு, அதான் வேற மாதிரி தெரியுது" என்றான். என்னிடம் அத்தாட்சி கிடையாது. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து என் கையை விட்டுப் போகிற எந்தப் பொருளிலும் மூன்று கோடு கீறிவிடுவேன். சாய்வாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. பேட்டரி, ஸ்டெப்னி, டார்ச் லைட், குடைக் காம்பு, எல்லாவற்றிலும் உண்டு. பல்செட் உடைந்து ஒட்டக் கொடுத்தபோது அதன் உள்பக்கத்திலும் கீறித்தான் கொடுத்தேன். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க பல்லை யாரு ஐயா திருடப் போறா?" என்றார். "பம்பையும் அப்படித்தான் நினைச்சேன்" என்றேன்.

வீட்டில் நானும் மகளும்தான். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். மகள் கம்ப்யூட்டரில் கட்டடம் கட்டுகிறாள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரி படமாக ஓட்டிக் காட்டுவாள். எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழும், மாடிப்படி ஏறினால் என்ன தெரியும், எல்லாம் அதில் இருக்கும். ஆறு வருஷம் ஒரு ஆபீசில் இந்த வேலை பார்த்தாள். அவள் செய்த படத்துக்கெல்லாம் மேலே இருந்தவன் தன் பேரைப் போட்டுக்கொண்டான். சண்டை போட்டுக்கொண்டு போன வருஷம் வெளியே வந்துவிட்டாள்.

தனியாக எடுத்த முதல் பெரிய வேலை ஒரு பள்ளிக்கூடம். நாலு மாடி. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கட்டப் போகிறவர்கள் முன்னால் படம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் வேலை அந்தப் பழைய ஆபீசுக்குப் போய்விடும். பின்னாலேயே இவளும் போக வேண்டியதுதான்.

"போறது கூடப் பரவாயில்லப்பா. உள்ள நுழையறப்ப அந்தாளு ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்க, அதுக்குத்தான் பயப்படறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. சுவிட்சைப் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். மகள் உள்ளே இருந்து ஒரு பெரிய சாமானைப் பிடுங்கிவிட்டுப் போட்டாள், கிளம்பியது. திரும்ப மாட்டினாள், செத்தது.

"கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுப்பா."

"அது என்ன பண்ணும்?"

"படம் வரையறதே அதுதான். இது இல்லாம இந்த ஸ்கூலை ஓட விட்டா ரெண்டு மாசம் ஆகும்."

வாங்கிப் பார்த்தேன். செங்கல் அளவு, செங்கல் கனம். ஒரு பக்கம் மூன்று விசிறி, மறுபக்கம் தகடு. புதுசு என்ன விலை என்று கேட்டேன். சொன்னாள். நான் வாங்கிய முதல் பழைய லாரி அதைவிடச் சல்லிசு.

அவள் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு முடிந்த வேலையைப் பார்க்க, கார்டைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு அலைகிற வேலை எனக்கு வந்தது. அவள் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் கோணி ஊசியை எடுத்தேன். தகட்டில் கீறிப் பிரயோஜனமில்லை. தகட்டைக் கழற்றி வேறு கார்டில் மாட்டிவிடுவான். உள்ளே இருக்கிற பலகையில்தான் கீற வேண்டும். அந்தப் பலகை வெளியே தெரிந்தது ஒரு விரல் அகலம், அடியில் தங்க முலாம் பூசின பல் வரிசைக்கு மேலே. பல் வரிசையில் ஓரிடத்தில் பள்ளம் வெட்டியிருந்தது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பக்கத்தில், பல்லுக்கு மேலே, அழுத்தி மூன்று கோடு. கறுப்புப் பலகையில் கோடு பளிச்சென்று செம்பு நிறத்தில் மின்னியது. மின்னினால் திருடன் கண்ணில் படும். மகளின் கறுப்பு மார்க்கரை எடுத்துப் பூசினேன். அப்புறம் என் கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் தடவினால் மட்டும் சொரசொரவென்று இருந்தது. வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. டை கட்டினவன் ஒருத்தன் ரெண்டு நிமிஷம் பார்த்தான்.

"போர்டு போச்சு சார். புதுசு வாங்கிக்குங்க. இதை இங்கயே விட்டுட்டுப் போங்க, நாங்க அப்புறப்படுத்திடறோம்."

"செத்ததுதானே. அப்புறம் எதுக்கு உனக்கு?"

அவன் கையிலிருந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற காவல்காரர் என் வயசுக்காரர். தெருவைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பக்கத்துத் தெருவுல தையல் கம்பெனிக்கு மேல மெதுவக்கான்னு ஒருத்தங்க. இவனுங்க கைவிட்டதெல்லாம் சத்தமில்லாம அங்கதான் போகுது. ஆனா லேட்டாகும். பேரே அதான்."

செவ்வாய்க்கிழமை காலை மாடி ஏறினேன். ஒரே அறை. அடுக்கடுக்காகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. ஜன்னலோரம் பெரிய மேஜை. அதன் நாலு காலுக்கும் அடியில் லாரி டயரை வெட்டி வைத்திருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓட ஓடத் தரை நடுங்கிக்கொண்டிருந்தது, மேஜை நடுங்கவில்லை. டயர் வெட்டினவனுக்குக் கை நேர்த்தி என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் தெரிந்தது, வெட்டினதும் அவள்தான்.

மெதுவக்காவுக்கு ஐம்பது இருக்கும். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர் போய் மேஜையில் கட்டியிருந்தது.

"இது என்னம்மா, மாட்டைக் கட்டின மாதிரி?"

"உடம்புல இருக்கற கரன்ட்டு சிப்பு மேல தாவிடும் ஐயா. அதை இழுத்துக் கீழ விட்டுடும். எங்க வீட்டுக்காரரும் இதேதான் கேட்டாரு. கட்டினாலும் நிக்க மாட்டியேன்னாரு."

கார்டை வாங்கி உடனே கரன்ட் கொடுத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்டாள். கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, எத்தனை வருஷம் ஓடியது, சாகும்போது வாசனை வந்ததா. மகள் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன்.

"வேற யாராவது கை வச்சாங்களா?"

"கடைக்காரன் ரெண்டு நிமிஷம் பாத்தான்."

"நீங்க?"

"நான் என்னம்மா பண்ணப் போறேன்? லாரிக்காரன்."

அது பொய்யில்லை என்று அப்போது நம்பினேன். கீறுவதை நான் ஒரு காரியமாகவே நினைத்ததில்லை.

"நான் இங்கதான் உக்காந்திருப்பேன், முடியற வரைக்கும்" என்றேன். முகம் சுளிப்பாள், சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாப் போட்டுக்குங்க."

கோபமே வராதவள் பெரிய கள்ளியாக இருப்பாள் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி உட்கார்ந்தேன்.

அவள் ஒரு தாளில் கார்டு மாதிரி ஒரு கட்டம் வரைந்தாள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றி, அது கார்டில் எந்த இடத்தில் இருந்ததோ தாளில் அதே இடத்தில் குத்தி வைத்தாள். நானும் எண்ணினேன். பதினேழு. நான் பழகின மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். பூட்டின பிறகு நாலு மிஞ்சும். கேட்டால், "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்பார்கள்.

விசிறியும் தகடும் கழன்று பலகை மட்டும் தனியாக வந்தது. நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு கறுப்புச் சிப். "இதுதான் மூளை. இது செத்திருந்தா மத்ததெல்லாம் வீண்வேலை. அதனால இதைத்தான் முதல்ல பாக்கணும்" என்று மீட்டரின் ஊசிகளை அங்கங்கே வைத்தாள். வைத்ததையெல்லாம் சீட்டில் எழுதினாள். ஒரு எண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள். "மூளை இருக்கு. வர்ற வழியில எங்கயோ அடைப்பு. கரன்ட் உள்ள வந்ததும் நேரா பூமிக்குப் போகுது. அதான் கம்ப்யூட்டர் பயந்துபோய் நிறுத்திடுது."

அந்தக் கரன்ட் வழியில் எள்ளை விடச் சின்னதாகக் கெப்பாசிட்டர் என்று நூறுக்கு மேல் இருந்தன. எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து முடிப்பதற்குள் பொங்கலே வந்துவிடும்.

அவள் பலகை மேல் ஸ்பிரிட் தெளித்தாள். எல்லாம் நனைந்தது. பிறகு ரொம்பக் குறைந்த கரன்ட், டார்ச் பேட்டரி அளவுகூட இல்லை, கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முழுப் பலகையும் ஈரமாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் மிளகளவு வட்டமாகக் காய்ந்தது. திரும்பத் தெளித்தாள். திரும்ப அதே இடம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலைப்பாதையில் சக்கரம் ஒன்று சூடேறினால் எது என்று தெரியாது. நான் இறங்கி ஒவ்வொரு ஹப்பிலும் ஒரு கை தண்ணீர் தெளிப்பேன். எது முதலில் உலருகிறதோ அதுதான் பேரிங் போனது. யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே பிடித்த வித்தை என்று முப்பது வருஷமாக மார் தட்டிக்கொண்டிருந்தேன். இவள் கடுகளவு சாமானில் அதைச் செய்கிறாள்.

"லாரில நாங்களும் இப்படித்தாம்மா பாப்போம்" என்றேன். சொல்லக்கூடாது என்று இருந்தேன், வந்துவிட்டது.

"அப்படியா? சக்கரத்துலயா?" என்று திரும்பி உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள்.

சூடான காற்று ஊதி அந்தக் கெப்பாசிட்டரை எடுத்தாள். மீட்டர் வைத்தாள். அடைப்பு போயிருந்தது. எடுத்ததை எறியவில்லை. சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சீட்டில் ஒட்டினாள்.

"இது எதுக்கு?"

"எடுத்ததை எல்லாம் திருப்பிக் குடுத்துடுவேன் ஐயா. கெட்டதோ நல்லதோ, உங்க பொருள்."

எறும்புத் தலையளவு செத்த சாமான், அதற்கு உறை, அதற்குச் சீட்டு. என் பம்பை மாற்றின பட்டறைக்காரனை இங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது.

புதிதாக ஒன்று வைத்து, விசிறி தகடெல்லாம் பூட்டி, தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் போட்டாள். விசிறி மூன்றும் சுற்றின. நான் எழுந்தே விட்டேன். அவள் எழவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது.

"உயிர் வந்துடுச்சு. ஆனா கம்ப்யூட்டருக்கு இப்படி ஒருத்தன் வந்திருக்கறதே தெரியல" என்றாள். நெற்றி சுருங்கியது. "மகள் கடைசியா ஓட்டினப்ப படம் நல்லா வந்ததா?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் நல்லா இருந்ததுன்னா."

"அப்ப ரெண்டாவதா இன்னொரு கோளாறு எங்கேருந்து வந்துது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். "நாளைக்குக் காலைல பாக்கலாம் ஐயா. கண்ணு களைச்சா நான் பலகையைத் தொடறதில்லை."

நாளைக்கு என்ற வார்த்தை என் காதில் விழுந்ததும் பழைய புத்தி விழித்துக்கொண்டது. கார்டை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றேன். சரி என்று வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு பையில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் தடவிப் பார்த்தேன். கோடு இருந்தது. கார்டு என்னுடையதுதான்.

மகள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். "நாளைக்கு ஒரு நாள்தான்ப்பா இருக்கு. மத்தியானம் நாலு மணிக்குள்ள கைக்கு வந்தா, விடியறதுக்குள்ள ஓட்டி முடிச்சிடலாம்" என்றாள்.

புதன்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டேன். மெதுவக்கா அப்போதுதான் கதவைத் திறந்தாள். திரும்ப விசிறியையும் தகட்டையும் கழற்றி, ஸ்க்ரூக்களைத் தாளில் குத்திவிட்டு, அன்றைக்குப் பல் வரிசையில் தொடங்கினாள். அடியிலிருக்கிற தங்கப் பல் ஒவ்வொன்றிலும் மீட்டர் ஊசியை வைத்து எண்ணை எழுதுவது. இந்தப் பக்கம் எண்பத்திரண்டு, அந்தப் பக்கம் எண்பத்திரண்டு.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நடுவுல ஒண்ணை விட்டா, கோளாறு அதுலதான் இருக்கும்."

பத்தரை மணி. கீழே கனத்த மெஷின் ஓட ஆரம்பித்தால் கையை எடுத்துவிட்டு, அது நிற்கிற வரை காத்திருப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து. எனக்குள் மகளின் நாலு மணி ஓடிக்கொண்டிருந்தது. அவளை அவசரப்படுத்த வாயெடுப்பேன், அந்தக் கையைப் பார்ப்பேன், மூடிக்கொள்வேன். முப்பத்தெட்டு வருஷத்தில், இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கிற மெக்கானிக் ரெண்டே பேரைப் பார்த்திருக்கிறேன். இவள் மூன்றாவது.

பதினொன்றே காலுக்கு ஊசி நின்றது. அதே பல்லில் மூன்று தடவை வைத்தாள். பக்கத்துப் பல்லிலும்.

"இது ரெண்டும் பேசல" என்றாள். "கார்டுக்குத் தாளம் இந்த வழியாத்தான் வரணும். தாளம் வரலைன்னா இது ஆடாம நின்னுடும். அதான் கம்ப்யூட்டர் கண்ணுக்குப் படல."

"ஏன் பேசல?"

"வழி எங்கயோ அறுந்திருக்கு. பலகைல அறுந்தா கண்ணுக்குத் தெரியும், வளைஞ்சிருக்கும், அடிபட்டிருக்கும். இது நேத்தே பாத்தேன், நேரா இருக்கு. அப்ப மூளைக்கு அடில. அடில நூத்துக்கணக்குல ஈயக் குண்டு இருக்கு. இந்தக் கனத்தை மூணு வருஷமா ஒரு பக்கமாத் தொங்கவிட்டா அந்தக் குண்டுல விரிசல் விழுந்துடும். அடிக்கடி வர்றதுதான்."

"என்ன பண்ணணும்?"

"மூளையைச் சூடு பண்ணித் தூக்கி, குண்டு எல்லாம் புதுசா வச்சு உக்கார வைக்கணும். பாதிக்குப் பாதி. பொழைச்சாலும் பொழைக்கும், அப்படியே போனாலும் போயிடும். உங்க மககிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணுவேன்."

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"வேற வழி இல்லையாக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

"பண்ணிடுங்க. சும்மா இருந்தாலும் போனதுதானே" என்றாள் மகள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆபீசுக்குத் திரும்பிப் போகத் தயாராகிவிட்ட குரல்.

மெதுவக்கா அடுப்பு மாதிரி ஒரு தகட்டைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சூடேற ஏழெட்டு நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு, பலகையை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பிடித்து எனக்குத் திரையில் காட்டினாள்.

"எது போச்சுன்னு நீங்களும் தெரிஞ்சுக்குங்க. இந்தா பள்ளம் வெட்டியிருக்கே, அதுக்கு அடுத்து ஒண்ணை விட்டு, இந்த ரெண்டு பல்லுதான்."

பள்ளத்துக்குப் பக்கத்தில்.

திரையில் அந்த இடம் கறுப்பாகத்தான் தெரிந்தது. மார்க்கர் அப்படிப் பூசியிருந்தேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி மயிர்க்கோடுகள் வரிசையாக ஓடின, பல்லிலிருந்து மேலே. என் விரல் அளவு கறுப்புக்குள் போய் மறைந்தன. கோணி ஊசியை நான் எவ்வளவு அழுத்தினேன் என்று என் கைக்கு ஞாபகம் இருந்தது. செம்பு மின்னியதும் ஞாபகம் இருந்தது. பலகைக்குள் எதற்குச் செம்பு இருக்கிறது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உடனே வாய் திறக்கவில்லை. இவள் சூடு பண்ணி மூளையைத் தூக்கி, அது போய்விட்டால், பாதிக்குப் பாதி என்று முன்னாடியே சொல்லிவிட்டாள், யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. மகளுக்குத் தெரியாது. மெதுவக்காவுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாலு நிமிஷம் அந்த ஆடுகிற ஸ்டூலில் இந்தக் கணக்கோடு உட்கார்ந்திருந்தேன். பம்பை மாற்றினவன்கூட என் முகத்துக்கு நேரேதான் பொய் சொன்னான். நான் அதைக்கூடச் செய்யாமல் இந்தப் பொம்பளை தலையில் கட்டப் பார்த்தேன்.

அவள் பலகையைத் தூக்கி அந்தத் தகட்டுக்குக் கொண்டுபோனாள்.

"நிறுத்தும்மா" என்றேன்.

நிறுத்தினாள். ஏன் என்று கேட்கவில்லை, முதலில் தகட்டின் சுவிட்சை அணைத்தாள்.

"அந்த ரெண்டு பல்லுக்கு மேல தடவிப் பாரு. விரலால."

தடவினாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான். அடையாளம். மாத்திடுவாங்கன்னு... கீறிட்டு மேல மார்க்கர் பூசிட்டேன். உன்கிட்ட வரதுக்கு முந்தின நாள்."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. திரையில் மூன்று கோடு வாய்க்கால் வெட்டினது மாதிரி வந்து நின்றது. முதல் ரெண்டும் அந்த மயிர்க்கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தன. மூன்றாவது காலி இடத்தில்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். இந்த வயசில் குனிந்தது அதுதான் முதல்.

"நல்ல அழுத்தமான கை ஐயா உங்களுக்கு" என்றாள். "நாலாவது கோடு போடற பழக்கம் இல்லையே?"

"மூணுதான்."

"புண்ணியமாப் போச்சு." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நானும் தப்புதான். பல்லைத் தொட்டேன், பல்லுக்கு மேல ஒரு தடவை துடைச்சுப் பாத்திருக்கணும். கறுப்பு மேல கறுப்பு, நேரா இருக்குன்னு விட்டுட்டேன். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நல்லா இருக்கற மூளையைப் பிடுங்கியிருப்பேன்."

நான் செய்த வேலைக்கு அவள் தன்னையும் சேர்த்துக்கொள்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? சுவரோரம் சாத்தியிருந்த கம்பை எடுத்துத் தரையில் ரெண்டு தட்டு தட்டினாள். கீழே மெஷின் எல்லாம் நின்றது. நடுக்கம் நின்றது.

"பத்து நிமிஷம் குடுப்பாங்க. அவங்க மெஷின் மோட்டார் போர்டை நான் பாத்துத் தருவேன், அதுக்கு இது" என்றாள்.

அறுந்த வழியின் ரெண்டு முனையிலும் கத்தி நுனியால் கறுப்புத் தோலைச் சுரண்டினாள். செம்பு தெரிந்தது. ஈயம் தொட்டாள். தலைமுடியை விட மெல்லிய ஒயரை எடுத்து, வழி மேல் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு, உள்ளே இழுக்காமல், தொட்டாள். ஒரு முனை. பிறகு மூச்சு. மறு முனை. அடுத்த ஒயரை முதல் ஒயருக்குப் பக்கத்தில் வைத்து அளந்து வெட்டினாள்.

"எதுக்கு அளவு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டும் ஜோடி. ஒண்ணு நீளமா இருந்தா தாளம் பின்னித் தட்டும்."

ஒரு அச்சில் ரெண்டு சக்கரம் ஒரே அளவு இருக்க வேண்டும். புரிந்தது.

என் கண்ணுக்கு அந்தக் கையில் அசைவே தெரியவில்லை. திரையில் மட்டும், மலை அளவு ஊசி நுனி ஒன்று, பூனை நடக்கிற மாதிரி இறங்கி ஏறியது. மலைச்சாலையில் முழு லோடோடு இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வண்டியை இறக்குகிறவன் ஒருத்தனை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவனுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். தட்டவில்லை, மேஜை ஆடிவிடும்.

ஒயர் மேல் பச்சையாக ஒரு பூச்சு வைத்து ஊதா விளக்கில் காய வைத்தாள். கம்பால் மூன்று தட்டு. கீழே மெஷின்கள் ஓடத் தொடங்கின. பல்லில் மீட்டர் ஊசியை வைத்தாள். ரெண்டும் பேசின.

கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது.

மணி ஒன்றரை. நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் கொடுக்க மாட்டாளாம். முதலில் விசிறி தகடெல்லாம் பூட்டினாள், பதினேழு ஸ்க்ரூவையும் நானும் சேர்ந்து எண்ணிக் கொடுத்தேன். தாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு ஒரு மணி நேரம் திரையில் ஒரு உருண்டை சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியாகச் சீட்டை எழுதினாள். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். அவளே படித்துக் காட்டினாள். கோளாறு ஒன்று, கெப்பாசிட்டர், காரணம் வயசு. கோளாறு ரெண்டு, தாளம் வரும் வழி அறுந்தது. தேடினதில் தன் தவறு, பல்லுக்கு மேலே துடைத்துப் பார்க்கவில்லை. அதையும் எழுதியிருந்தாள்.

காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"இங்க என்ன போடட்டும்? 'கீறல்'னு மட்டும் போட்டாப் போதும் ஐயா. பொய்யில்லை."

"யாரு கீறினான்னு வேணாமா?"

"மத்ததை நீங்க வீட்டுல பேசிக்குங்க."

பேனாவை வாங்கினேன். எனக்கு எழுத வருகிற வார்த்தைகள் குறைச்சல். 'கீறல்' என்பதற்கு முன்னால் 'அப்பா' என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, கறுத்த பஞ்சை எடுத்து ஒரு உறையில் போட்டுப் பக்கத்தில் ஒட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"எடுத்ததை எல்லாம் திருப்பிக் குடுத்துடுவேன்னு சொன்னேனே" என்றாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. மகள் கார்டைக்கூடப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். ஓடுகிறது என்றேன். மாட்டினாள். திரையில் நாலு மாடிப் பள்ளிக்கூடம் தரையிலிருந்து எழுந்து வந்தது. வேலையை ஓட விட்டுவிட்டு, அப்புறம்தான் சீட்டை எடுத்தாள். எறும்புத் தலைக் கெப்பாசிட்டர், பஞ்சு, எல்லாவற்றையும் பார்த்தாள். காரணத்தை ரெண்டு தடவை படித்தாள்.

"அப்பா கீறலா?"

"ம்."

"எந்த ஊசி?"

"கோணி ஊசி."

மேஜை மேல் இருந்த கறுப்பு மார்க்கரை எடுத்துத் தன் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். பூட்டிவிட்டு, "அந்தக்கா என்ன சொன்னாங்க?" என்றாள்.

"அழுத்தமான கைன்னாங்க."

அப்போது சிரித்தாள். திங்கட்கிழமையிலிருந்து அதுதான் முதல்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் படம் ஓடியது. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் காலை வெயில் விழுவதைப் பார்த்து ஒருத்தர், "இந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணலாமா?" என்று கேட்டாராம். வேலை அவளுக்குத்தான்.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வாரம் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தேன், அடியில் மூன்று கோடு கீறித்தான் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறது, தடிமனான பிளாஸ்டிக். ஆனால் என் டார்ச் லைட் எரியாமல் போனபோது அதை மெதுவக்காவிடம் கொண்டுபோனேன். அவள் வேலைக்கு அது எவ்வளவு அற்பம் என்று தெரியும், தெரிந்தேதான் கொண்டுபோனேன். நாளைக்கு வாங்க என்றாள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.